ஒரு வீட்டு அடுப்புக்கு எத்தனை கை வருமானம்? வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்தும், அங்கிருந்து வெளியூர் போய்க் குடியேறியவர்களிடமிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை உழைக்கும் குடும்பங்களின் பழைய வருமானத்தைப் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் தாத்தா வள்ளத்தில் கடலுக்குப் போனவர். 1940-களில் அவருக்கு நாள்கூலி எவ்வளவு இருந்திருக்கும் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டேன். ஒருவர்கூட ஒரு தொகையைச் சொல்லவில்லை. எல்லாரும் மறந்துவிட்டார்களா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தொண்டி)

பதில்: பெரியவர்கள் மறக்கவில்லை, ஐயா. நாள்கூலி என்ற ஒன்று அவர்களுடைய தொழிலில் இருக்கவில்லை. ஆகவே சொல்வதற்குத் தொகையும் இல்லை. பிடித்த மீன் கரையில் விலை போனதும் பொதுச் செலவைக் கழித்துவிட்டு, மிஞ்சியது வள்ளத்துக்கு, வலைக்கு, கடலுக்குப் போன ஆட்களுக்கு என்று பங்கு பங்காகப் பிரியும். யாருக்கு எத்தனை பங்கு என்பது ஊருக்கு ஊரும் வலைக்கு வலையும் மாறும். சொந்த வலை இல்லாதவருக்கு உடலுழைப்பின் பங்கு மட்டுமே வரும். ஒரு துண்டு வலையாவது கொண்டுவந்து சேர்த்தவருக்கு அதற்குரிய பங்கும் சேர்ந்து வரும். மீன் படாத நாளில் பிரிப்பதற்கே ஒன்றும் இருக்காது.

காற்றையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். தொண்டியும் தேவிபட்டினமும் பாக் விரிகுடாவைப் பார்த்த ஊர்கள். கீழக்கரையும் ஏர்வாடியும் மன்னார் வளைகுடாவைப் பார்த்தவை. மண்டபம், பாம்பன் பக்கத்தில் முன்னதை வடகடல் என்றும் பின்னதைத் தென்கடல் என்றும் சொல்வார்கள். வாடைக்காற்று வலுக்கும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும்; தென்மேற்குப் பருவத்தில் தென்கடல் கொந்தளிக்கும். நிலத்தின் முனையில் இருந்த மண்டபத்துக்காரர்களால் வள்ளத்தை ஒரு கடலிலிருந்து மறு கடலுக்கு மாற்றிக்கொள்ள முடிந்தது. உங்கள் தாத்தாவுக்கு அந்த வசதி இல்லை. ஆண்டில் சில மாதங்கள் கையில் காசு வராது என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும், அவருக்கு முன்பணம் கொடுத்த மீன் வியாபாரிக்கும் தெரியும். அந்த முன்பணத்துக்கு வட்டி என்று தனியாகக் கேட்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. பிடிக்கிற மீனை அவருக்கே, அவர் சொல்கிற விலைக்கே போட வேண்டும் என்பதுதான் கட்டு. வட்டி முழுவதும் மீன் விலைக்குள் அடங்கியிருந்ததால், எவ்வளவு வட்டி கட்டினோம் என்பதை ஒரு குடும்பத்தாலும் எண்ணிச் சொல்ல முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாத்தாவின் பங்கைத் தேடும் நீங்கள் பாட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. கூடையில் மீனைச் சுமந்து உள்ளூர்களுக்கு நடந்தவர்கள், விற்காத மீனைக் கீறி உப்பிட்டுக் கருவாடாக்கியவர்கள், அதை நெல்லுக்கும் மிளகாய்க்கும் மாற்றி வந்தவர்கள் பெண்களே. கடல் அடைத்த மாதங்களில் அந்த வீட்டில் எரிந்த அடுப்பு, பெரும்பாலும் அந்தக் கருவாட்டை நம்பி எரிந்ததுதான். 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு, பல பத்தாண்டுகளாகக் குடும்பங்களிடம் வருமானத்தைக் கேட்பதைவிடச் செலவைக் கேட்டு எழுதுவதையே நம்பியிருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்: இப்படிப்பட்ட வீடுகளில் வரவு நாள்தோறும் மாறும், பல கைகளால் வரும், பாதி பண்டமாகவே வரும். என்ன வாங்கினோம், என்ன சாப்பிட்டோம் என்பதையாவது நினைவிலிருந்து சொல்லிவிடலாம்.

கேள்வி: எங்கள் முன்னோர் பனை சுரக்கும் மாதங்களில் பனையேறினார்கள், மற்ற நாட்களில் வயல்வேலைக்குப் போனார்கள். வயல்கூலி நெல்லாகத்தான் வந்தது என்கிறார்கள். அதை ரூபாயாக மாற்றி எழுதினால் சரியாக இருக்குமா? (வாசகர், சாயல்குடி)

பதில்: எழுதலாம். ஆனால் எந்த விலையில் மாற்றினோம் என்பதைக் கூடவே எழுதாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருள் இருக்காது. இதே சிக்கலில் இந்திய அரசே ஒரு முறை மாட்டிக்கொண்டது.

விடுதலைக்குப் பின் 1950-51-இல் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைப் பற்றி நாடு முழுவதும் ஒரு விசாரணை நடந்தது. 1956-57-இல் அது மறுபடியும் நடத்தப்பட்டது. முதல் விசாரணையில் ஒரு குடும்பத்தின் சராசரி ஆண்டு வருமானம் 447 ரூபாய் என்று வந்தது. முதலாம் ஐந்தாண்டுத் திட்டம் முடிந்த பிறகு எடுத்த இரண்டாவது விசாரணையில் அது 437 ரூபாயாகக் குறைந்திருந்தது. ஆணின் நாள்கூலி 109 காசிலிருந்து 96 காசுக்கும், பெண்ணின் கூலி 68 காசிலிருந்து 59 காசுக்கும் இறங்கியிருந்தன. கடனில் இருந்த குடும்பங்கள் நூற்றுக்கு 45-லிருந்து 64-ஆக உயர்ந்திருந்தன. திட்டமிட்ட வளர்ச்சி ஏழைகளை மேலும் ஏழையாக்கிவிட்டதா என்ற பெரிய வாதம் அப்போது எழுந்தது. அந்த வாதத்தின் நடுவில் வெளிவந்த உண்மைகளுள் ஒன்று, உங்கள் கேள்வியோடு நேரடியாகத் தொடர்புடையது: தானியமாகவும் சாப்பாடாகவும் கொடுத்த கூலியை முதல் விசாரணையில் சில்லறை விலையில் மதித்திருந்தார்கள், இரண்டாவதில் மொத்த விலையில் மதித்தார்கள். அதே மரக்கால் நெல், காகிதத்தில் மட்டும் மலிந்துபோயிற்று. விவசாயத் தொழிலாளர் குடும்பம் எது என்பதற்கான வரையறையையும் இடையில் மாற்றியிருந்தார்கள். கூலி குறைந்தது வெறும் கணக்குப் பிழை என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு குறைந்தது என்பதை அந்த இரு எண்களையும் பக்கத்தில் வைத்துச் சொல்லிவிட முடியாது என்கிறேன்.

நீங்கள் எழுதும்போது நெல்லை நெல்லாகவே முதலில் எழுதுங்கள். 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம் என்பது பொது வழக்கமானாலும், படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறியது. கூலி அளக்க ஒரு படியும் விற்பதற்கு வேறு படியும் வைத்திருந்த வீடுகளைப் பற்றி முதியவர்கள் சொல்லக் கேட்கலாம். எந்தப் படி என்று விசாரித்து அதையும் குறியுங்கள்.

பனைக்கு வருவோம். சாயல்குடிச் சுற்றுவட்டாரத்தில் நிலம் பெரும்பாலும் வானம் பார்த்தது. கண்மாய் நிறைந்தால் ஒரு போகம், நிறையாவிட்டால் அதுவும் இல்லை. 1876-இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தை நம் மக்கள் இன்றும் பெயர் சொல்லி நினைப்பது, அந்த நிலத்தின் தன்மையை அறிந்ததால்தான். வெயில் ஏற ஏறச் சுரக்கும் மரமாகிய பனை, வயல் வேலை அற்றுப்போன மாதங்களை நிரப்பியது. காலையும் மாலையும் மரமேறிப் பாளை சீவிப் பதநீர் இறக்கியவர் ஆண். அதைப் புளிக்கும் முன்னே அடுப்பேற்றி, விறகும் சருகும் பொறுக்கி வந்து, கண் எரியப் புகைக்குள் நின்று கிண்டிக் கருப்பட்டியாகச் சிரட்டையில் ஊற்றியவர் மனைவி. ஓலையை முடைந்து பெட்டியாக்கியவர்கள் வீட்டுக் கிழவிகளும் சிறுமிகளும். பதநீரை உடனே காய்ச்சாவிட்டால் ஆணின் அன்றைய உழைப்பு முழுவதும் கெட்டுப்போகும். ஆயினும் பதிவேடுகளில் "பனையேறி, ஆண், 1" என்று மட்டுமே இருக்கும். இந்த ஒரு வரியைத் திருத்துவதையே உங்கள் குடும்ப வரலாற்றின் முதல் வேலையாக நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

கேள்வி: மண்டபம் முகாமின் பெயரைச் சொன்னாலே எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இலங்கைத் தோட்டங்களைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். கடல் கடந்து போனதால் நம் பக்கத்துக் குடும்பங்களின் வருமானம் உண்மையிலேயே உயர்ந்ததா? (வாசகி, மண்டபம்)

பதில்: உயர்ந்தவர்கள் இருந்தார்கள், கடனை மட்டும் கடல் தாண்டிச் சுமந்தவர்கள் அவர்களைவிட அதிகம் என்பதே என் கணிப்பு. சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கை மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் பெருகின. காப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில்தான் ஆள் வேண்டும். ஆகவே இங்கே கண்மாய் வற்றிய காலத்தில் போய், அங்கே பருவம் முடிந்ததும் திரும்புகிற போக்குவரத்தாக அது தொடங்கியது. படகில் கடலைக் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். நோயாலும் பசியாலும் வழியில் இறந்தவர்கள் ஏராளம். 1869-இல் காப்பி இலையில் துரு நோய் கண்டது; அதற்கடுத்த இருபது ஆண்டுகளில் காப்பி அழிந்து தேயிலை வந்தது. தேயிலைக் கொழுந்தை ஆண்டு முழுவதும் கிள்ள வேண்டும், அதற்குப் பெண்களின் கை வேண்டும். அதனால் தனி ஆளாகப் போய் வந்த நிலை மாறி, குடும்பமாகப் போய் லயம் என்னும் தோட்டத்து வரிசை வீடுகளில் தங்கும் நிலை வந்தது. 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கிய பின் பயணம் எளிதாயிற்று. தொழிலாளர்களைத் தங்கவைத்து நோய் சோதித்து அனுப்பிய இடமே உங்கள் மண்டபம் முகாம்.

இப்போது வருமானத்துக்கு வருகிறேன். தொழிலாளியைக் கூட்டிப் போனவர் கங்காணி. வழிச்செலவு, ஊர்க்கடனை அடைக்கக் கொடுத்த முன்பணம், போகும்போது வாங்கிக் கொடுத்த கம்பளி எல்லாம் அவர் கணக்கில் ஏறும். தோட்டத்துச் சம்பளத்திலிருந்து அது கழியும். ஆளொன்றுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு தனியே கிடைத்தது. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற வேண்டுமானால், கடனைத் தீர்த்தால் இந்த ஆட்களை விடுவிக்கிறோம் என்று துரை எழுதிக் கொடுத்த "துண்டு" வேண்டும். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும், கடன் மட்டும் கூடவே வரும். இந்தத் துண்டு முறை 1921-இல்தான் ஒழிக்கப்பட்டது. 1927-இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்து, 1929-இல் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம் (100 சதம் ஓர் இலங்கை ரூபாய்), பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என்று நாள்கூலி நிர்ணயமாயிற்று.

இந்த மூன்று எண்களையும் சேர்த்துப் பாருங்கள், அம்மா. ஆணின் கூலி மட்டும் ஒரு குடும்பத்துக்குப் போதும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. பெண்ணும் பிள்ளையும் வேலைக்கு வருவார்கள் என்ற எண்ணம் சட்டத்துக்குள்ளேயே இருந்தது. மூவரும் போனால் ஒரு நாளைக்கு 129 சதம். மனைவி பிள்ளைப்பேற்றில் இருந்தால், சிறுவன் காய்ச்சலில் படுத்தால், அது 54 சதமாகிவிடும், அரிசிக்கான பிடித்தம் மட்டும் குறையாது. ஊரிலிருந்த முதியவர்களுக்கு மணியார்டர் வந்த மாதங்களும் வராத மாதங்களும் இப்படித்தான் அமைந்தன.

1939-இல் இந்திய அரசு இலங்கைக்குத் தொழிலாளர் போவதைத் தடை செய்தது. 1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ, இந்தியப் பிரதமர் சாஸ்திரி இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகவும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதாகவும் முடிவாயிற்று. அதே ஆண்டு டிசம்பர் 22 இரவில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அந்தத் துறைமுகத்தை நம்பிச் சுமை தூக்கியவர்கள், சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர்கள், ரயிலடியில் வேலை பார்த்தவர்கள் ஆகிய எல்லாருடைய வருமானமும் ஒரே இரவில் போயிற்று. பிறகு கப்பல் இராமேசுவரத்திலிருந்து ஓடி, 1980-களில் அதுவும் நின்றது. ஒப்பந்தத்தின்படி திரும்பி வந்தவர்களில் பலர் மூன்று தலைமுறை உழைத்த பின்னும் ஒரு தகரப் பெட்டியோடுதான் கரையிறங்கினார்கள். "வருமானம் உயர்ந்ததா" என்ற உங்கள் கேள்விக்கு அந்தப் பெட்டியை மனத்தில் வைத்துத்தான் என்னால் விடை சொல்ல முடிகிறது.

கேள்வி: இராமநாதபுரத்தில் ஆலைகள் வந்திருந்தால் நம் குடும்பங்கள் முன்னேறியிருக்கும் என்று எங்கள் வீட்டில் அடிக்கடி பேசுவோம். ஆலை இருந்த ஊர்களில் உண்மையில் அப்படி நடந்ததா? (மதுரையில் வசிக்கும் வாசகர், சொந்த ஊர் ஆர்.எஸ். மங்கலம்)

பதில்: ஒரு சிறு திருத்தத்தோடு தொடங்குகிறேன். 1910-இல் அமைந்து 1985-இல் மூன்றாகப் பிரிந்த பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆலைகள் இருந்தன; கடற்கரையில்தான் இல்லை. சிவகாசியின் தீப்பெட்டித் தொழில் 1920-களில் தொடங்கியது. இராஜபாளையத்தில் 1936-இல் நூற்பாலை எழுந்தது. இவை இன்று விருதுநகர் மாவட்டத்தில் உள்ளன. நீங்கள் வாழும் மதுரையில் ஹார்வி மில் 1892-இலேயே வந்துவிட்டது.

மில் வேலையின் பெரும் சிறப்பு, சம்பளத்தின் அளவைவிட அது தேதி தவறாமல் வந்ததுதான். மாதம் பிறந்தால் பணம் வரும் என்ற உறுதி இருந்த வீட்டில் பிள்ளையைப் பள்ளியில் நிறுத்திவைக்க முடிந்தது. கடல் பக்கத்து வீட்டில் மீன் படாத ஆண்டில் பிள்ளை படிப்பை விட்டான். ஆனால் மில் சம்பளமும் கடனைத் தடுக்கவில்லை. 1929-இல் அமைக்கப்பட்ட விட்லி தலைமையிலான தொழிலாளர் ஆணையம், பெரும்பாலான தொழில் நகரங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத குடும்பங்கள் கடனில் இருந்ததையும், அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றின் கடன் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேற்பட்டிருந்ததையும் 1931-இல் எழுதிவைத்தது.

தீப்பெட்டித் தொழிலின் கதை வேறு. அங்கே மாதச் சம்பளம் கிடையாது, எண்ணிக்கைக் கூலி. 144 பெட்டி ஒரு குரோஸ். மரச் சட்டத்தில் குச்சி அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் எத்தனை செய்தார்களோ அத்தனைக்குத்தான் காசு. வானம் பொய்த்த கரிசல் காட்டில் வேறு வேலை இல்லாத குடும்பங்களுக்கு அது உயிர் காத்தது என்பதை மறுக்க முடியாது. அந்தக் காசில் பெரும்பகுதி பெண்களின் விரலாலும், படிக்க வேண்டிய வயதுச் சிறுமிகளின் விரலாலும் வந்தது என்பதையும் மறுக்க முடியாது. வீட்டில் வைத்துப் பெட்டி ஒட்டிய பெண் தொழிலாளியாகவே எண்ணப்படவில்லை. பிள்ளைகளின் உழைப்பின் பேரில் பெற்றோருக்கு முன்பணம் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. தொண்டி வாசகருக்கு மேலே எழுதிய மீன் வியாபாரியின் முன்பணத்தையும், கங்காணியின் முன்பணத்தையும், இதையும் நான் ஒன்றாகவே பார்க்கிறேன்: மூன்றிலும் வருங்கால உழைப்பு முன்னமே விற்கப்பட்டுவிட்டது.

அந்தப் பகுதியைப் பற்றி நமக்கு ஓரளவு நல்ல தகவல் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-இல் மாணவர்களைக் கொண்டு கிராமங்களை வீடு வீடாக ஆராயச் செய்தபோது தேர்ந்தெடுத்த ஊர்களில் பழைய இராமநாதபுரம் மாவட்டத்து வடமலாபுரமும் ஒன்று. 1930-களில் அதே ஊர்கள் மறுபடியும் ஆராயப்பட்டன. அப்படிப்பட்ட தொடர் ஆய்வு நம் கடற்கரை ஊர் ஒன்றுக்கும் அமைந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்ற ஏக்கம் எனக்கு நெடுநாளாக உண்டு.

கடற்கரைக்கு வந்த தொழில் என்றால் உப்பைச் சொல்லலாம். 1974-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு உப்புக் கழகம் மாரியூர், வாலிநோக்கம் பகுதியில் உப்பளம் அமைத்தது. அதுவும் மழைக்காலத்தில் நின்றுவிடுகிற வேலையே.

கேள்வி: விசைப்படகு வந்த பிறகு எங்கள் ஊரில் மாடி வீடுகள் எழுந்தன. ஆனால் என்னைப் போன்ற பெண்கள் இன்னமும் கடற்பாசி எடுக்கத்தான் போகிறோம். பணம் எங்கே போயிற்று? (வாசகி, பாம்பன்)

பதில்: நீங்கள் கேட்டதைப் பெரிய ஆய்வாளர்களும் கேட்டிருக்கிறார்கள், அம்மா. 1960-களிலிருந்து இறால் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகத் தொடங்கியதும் இழுவை மடி போட்ட விசைப்படகுகள் பெருகின. வந்த பணம் பெரிது. அது பிரிந்த முறையும் மாறியது. வள்ளத்தில் முதலாளியும் தொழிலாளியும் ஒரே மணலில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். விசைப்படகில் டீசலும் ஐஸும் கழித்த பிறகே பங்கு, அதில் படகுக்குப் போவது மிகுதி. கரையில் ஏலம் எடுத்துத் தலையில் சுமந்து விற்ற பெண்ணைத் தாண்டி, இறால் நேரே கம்பெனி வண்டியில் ஏறியது. குடும்பத்தின் இரண்டாம் வருமானம் இப்படித்தான் கரையிலிருந்து நழுவிற்று. கரையோரத்து வலைகளை இழுவை மடி அறுத்த சண்டைகள் பெருகிய பின்னரே, விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மற்ற நாள் என்ற முறை இந்தக் கடலில் ஏற்பட்டது. 1983-இன் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைல் வரை நாட்டுப்படகுக்கு ஒதுக்கியது. 1974-இல் கச்சத்தீவு இலங்கைக்குப் போனது, பிறகு அங்கே நடந்த போர், 2009-க்குப் பின் தொடரும் படகுப் பறிமுதல்கள் ஆகியவை படகு வைத்தவர்களின் கணக்கையும் கவிழ்த்தன. ஒரு படகு பிடிபட்டால் முதலாளிக்கு முதல் போகிறது. அதில் போன தொழிலாளியின் வீட்டில் அந்த மாத அரிசி போகிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தையும் இதோடு வைத்துப் பாருங்கள். அரசு தருகிற நிவாரணம் இப்போது 8,000 ரூபாய். நாள் கணக்கில் பிரித்தால் ஏறக்குறைய 131 ரூபாய். ஊரக வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26-இல் அறிவித்த நாள்கூலியே 336 ரூபாய். இடைவெளியை யார் நிரப்புகிறார்கள் என்றால் உங்களைப் போன்றவர்கள்தாம்.

விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி, மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்னும் கடற்பாசிகளைப் பறித்துவரும் வேலையை வருமானக் கணக்கில் "துணைத் தொழில்" என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல்லை நான் ஏற்கவில்லை. 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபின், தலைமுறையாகப் போன இடத்துக்கே பயந்து போக வேண்டிய நிலை உங்களுக்கு வந்தது. பாசி மறுபடி வளர வேண்டும் என்பதற்காக மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது என்று பெண்களே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டீர்கள். அதன் பொருட்டுச் சின்னப்பாலத்துப் பெண் ஒருவருக்கு 2015-இல் சீகாலஜி என்னும் பன்னாட்டு விருது கிடைத்தது. அந்தக் கட்டுப்பாட்டின் விலை, மாதத்தில் 18 நாள் வருமானம் இல்லாமலிருப்பது. கடலைக் காப்பதற்கான செலவை இந்தக் கரையிலேயே மிகக் குறைவாகச் சம்பாதிப்பவர்கள் ஏற்றிருக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு முறையும் எழுதியே ஆக வேண்டும்.

கேள்வி: கீழக்கரை, பெரியபட்டினம் போன்ற ஊர்களின் உயர்வுக்கு அரபு வளைகுடா நாட்டுப் பணம் மட்டும்தானே காரணம்? (வாசகர், கீழக்கரை)

பதில்: மட்டும் என்பதை எடுத்துவிட்டால் சரி. 1973-க்குப் பிந்திய எண்ணெய்ப் பணம் பெரிய மாற்றம் செய்தது உண்மை. ஆனால் சங்கு குளித்தும், இலங்கையோடு வாணிபம் செய்தும், கடல் கடந்து போய்ப் பழகிய ஊர்களாதலால்தான் அந்த வாய்ப்பை முதலில் பிடிக்க முடிந்தது. வங்காளத்துப் பெண்கள் அணியும் சங்கு வளையலுக்கு நம் குளியாட்கள் எடுத்த சங்கு நெடுங்காலமாகப் போய்க்கொண்டிருந்தது. வளைகுடாப் பணத்திலும் ஒரு வீட்டுக் கணக்கு உண்டு: விசாவுக்காக விற்ற நகை, அதை மீட்கப் போன முதல் இரண்டு ஆண்டுச் சம்பளம், பத்து ஆண்டுகள் ஒற்றையாக வீட்டை நடத்திய மனைவி.

கேள்வி: நான் கல்லூரியில் படிக்கிறேன். என் குடும்பத்தின் மூன்று தலைமுறை வருமானத்தை எழுத ஆசை. வீட்டில் எந்த ஆவணமும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது? (மாணவி, வாலிநோக்கம்)

பதில்: ஆவணம் இல்லாத வீடு நம் பக்கத்தில் இருக்க முடியாது, மகளே. மொய் நோட்டைத் தேடுங்கள். இன்ன ஆண்டு, இன்னார் வீட்டுக் கல்யாணத்துக்கு, இத்தனை ரூபாய் என்று அதில் இருக்கும். 1 ரூபாய் எழுதியவர் எந்த ஆண்டிலிருந்து 10 எழுதத் தொடங்கினார் என்பது ஒரு ஊரின் கைவரவைக் காட்டிவிடும். அடகுச் சீட்டுகள் இருந்தால் தேதிவாரியாக அடுக்குங்கள். அடகு வைத்த மாதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும்போது, உப்பளம் நின்ற மழைக்காலமோ, கடல் அடைத்த பருவமோ, பள்ளி திறக்கிற ஜூனோ தானாகத் தெரியும். பழைய குடும்ப அட்டையை எறிந்துவிடாதீர்கள். 1982-இல் சத்துணவு விரிந்ததும், 2011 ஜூனில் ரேஷன் அரிசி விலையில்லாமல் வந்ததும் ரொக்கமாகக் கையில் வராவிட்டாலும் வருமானம்தான். அவற்றால் மிஞ்சிய காசு எங்கே போயிற்று என்று கேளுங்கள்.

எர்னஸ்ட் எங்கல் என்ற ஜெர்மன் புள்ளியியலாளர் 1857-இல் கண்டு சொன்ன ஒன்று உங்களுக்கு உதவும்: குடும்பம் எவ்வளவு ஏழையோ, அவ்வளவு பெரிய பங்கு சாப்பாட்டுக்கே போகும். ஆகவே ஒவ்வொரு தலைமுறையிலும் 100 ரூபாய் வந்தால் அரிசிக்கு எத்தனை, மீதியில் முதலில் வாங்கிய பொருள் எது என்று கேட்டு எழுதுங்கள். வருமானத் தொகை தெரியாவிட்டாலும் வாழ்க்கை நிலை தெரிந்துவிடும்.

கேட்கும்போது வீட்டு ஆண்களிடம் கடைசியாகப் போங்கள். அவர்கள் தொழிலைப் பற்றி நன்றாகச் சொல்வார்கள்; வீட்டின் வரவை அறிந்தவர் பாட்டி. "தாத்தா எவ்வளவு சம்பாதித்தார்" என்று கேட்டால் அவர் "எனக்கென்ன தெரியும்" என்று எழுந்து போய்விடக்கூடும். பாம்படம் என்னும் கனத்த காதணி போட்டிருந்த காதா என்று பார்த்து, அது எந்த ஆண்டு, எதற்காக விற்கப்பட்டது என்று கேளுங்கள். மளிகைக் கடையில் எந்த மாதத்தில் கடன் சொன்னீர்கள், அதை எந்த மாதத்தில், எந்தக் காசில் அடைத்தீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல, ஒரு பக்கம் மாதத்தையும் மறுபக்கம் அந்த மாதத்தில் வீட்டில் யார் யார் என்ன வேலை செய்தார்கள் என்பதையும் எழுதிக்கொண்டே வாருங்கள். எழுதி முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பினால், உங்கள் பாட்டியின் சம்மதத்தோடு இந்தப் பகுதியில் வெளியிடுகிறேன்.